தேளும் உண்ணிச்செடியும்

சேர்வராயன் மலையடிவாரத்தில் புதிதாக வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள் பூச்சிமருந்துக் கடையில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. தேளுக்கு என்ன அடிக்கலாம்? களைக்கு என்ன அடிக்கலாம்? கடைக்காரர் இரண்டு புட்டிகளை எடுத்துக் கொடுப்பார். அடித்த சில நாட்களுக்கு வாசல் வெறிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்குப் பிறகு களை திரும்பிவிடும், அடுத்த புழுக்கமான இரவில் தேளும் வந்துவிடும். இரண்டையும் தனித்தனித் தொல்லையாகப் பார்த்துத் தனித்தனி நஞ்சைத் தேடுவதால்தான் இப்படி ஆகிறது. சுவரை ஒட்டிய சில அடி நிலத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. இந்த அத்தியாயம் அந்தச் சில அடி நிலத்தைப் பற்றியது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மலைமேல் ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டரில். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் காய்ந்த கரடும், வெடிப்பு விட்ட பாறையும், முட்புதரும், வெயிலில் கொதிக்கும் செம்மண்ணும். மேலே போகப் போகச் சில்வர் ஓக் மர நிழலில் காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, பலா. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து மலையின் முகம் மாறத் தொடங்கியது. சமவெளியில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரைத் தொட்டாலே நல்ல ஆண்டு என்பார்கள். மேலே அது 1,500-ஐ ஒட்டிப் பெய்யும். ஒரே மலையின் காலடியில் பாலைவன வீட்டுக்காரரின் கவலை, தலையில் மழைக்காட்டு வீட்டுக்காரரின் கவலை. கீழே சரிப்படும் யோசனை மேலே மண்ணைக் கரைத்துவிடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

தேளுக்கு மருந்து ஏன் சரியாக வேலை செய்வதில்லை? விடை அதன் உடம்பிலேயே இருக்கிறது. தேள் பூச்சி அல்ல, எட்டுக்கால் இனம். சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பூமியில் இருந்துவரும் இந்த உயிர், சிக்கனத்தைத் தன் உடம்பின் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. மேல்தோலின் மீது மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது அது. அதே மெழுகுதான் வெளியே தெளித்த மருந்து உள்ளே இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது. உடலின் இயக்கம் மிக மெதுவானது. ஒரு நல்ல இரை கிடைத்துவிட்டால் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். பல மாதங்கள் உண்ணாமல் உயிர் பிழைத்த தேள்களும் உண்டு. கரப்பான் ஓயாமல் ஓடி, கண்டதை நக்கி, காலையும் மீசையையும் வாயால் துடைத்துக்கொண்டே இருக்கும். தரையில் தெளித்த மருந்து அதன் வயிற்றுக்குள் போவது அப்படித்தான். தேளிடம் அந்தப் பழக்கம் இல்லை. பகல் முழுக்கக் கல்லிடுக்கில் அசையாமல் கிடந்து, இரவில் சில மணி நேரம் வெளியே வந்து, கால் நுனிகளால் ஊன்றி நடந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. நேராக மேலே பட்டால் மருந்து கொல்லும்தான். தரையில் காய்ந்த மருந்தின் மேல் நடந்து சாகும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இதில் பெரிய ஆபத்து வேறு. மருந்தின் நெடி தேளை அதன் பொந்திலிருந்து கிளப்பிவிடும். பிரேசில் நாட்டு நகரங்களில் மஞ்சள் தேள் பெருந்தொல்லை. ஆணின் துணையில்லாமலே பெண் தேள் குஞ்சு ஈனும் இனம் அது. சாக்கடைகளில் கரப்பானைத் தின்று பெருகுகிறது. அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் தேள் கட்டுப்பாட்டுக்கென்று வெளியிட்ட கையேட்டில் இரசாயன மருந்து வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. ஒளிந்திருந்த தேள்கள் கலைந்து வீட்டுக்குள் ஓடுவதால் கொட்டுப்படுவது கூடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நம் ஊரில் மருந்தடித்த மறுநாள் குளியலறையில் தேளைக் கண்டவர்கள், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்த்த ஒன்றைச் செருப்பால் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். கலைந்து வந்த மற்றவை எங்கே என்ற கேள்வி எழுவதே இல்லை.

எல்லாத் தேளும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் வீட்டுக்காரர் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, கருத்துப் பருத்த நட்டுவாக்காலி. நண்டுக் கொடுக்குப் போன்ற தடித்த கிடுக்கி, ஒப்பிட்டால் மெல்லிய வால். ஈர மண்ணில் வளை தோண்டி வாழும். இவற்றில் மிகப் பெரிய இனம் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். பார்க்கவே நெஞ்சு பதறும். ஆனால் இரையைக் கிடுக்கியால் நசுக்கியே பழகியது அது. அதன் நஞ்சு பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். மற்றொன்று செந்தேள். 5 முதல் 9 சென்டிமீட்டர் நீளம், செம்மஞ்சள் அல்லது பழுப்பு நிறம், மெலிந்த கிடுக்கி, தடித்த வால். வறண்ட நிலத்துப் பிராணி. கல்லுக்கடியிலும் ஓட்டுக்கடியிலும் விறகு அடுக்கிலும் இருக்கும். அஞ்ச வேண்டியது இதற்குத்தான். கிடுக்கி பெருத்தால் நஞ்சு குறைவு, வால் பெருத்தால் நஞ்சு அதிகம் என்பது உலகத் தேள்களுக்கெல்லாம் ஏறக்குறையப் பொருந்தும் அடையாளம். கெடுவாய்ப்பாக நம் பயம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பெரிய கருந்தேளைக் கண்டால் தெருவே கூடுகிறது. சின்னச் செந்தேள் கொட்டிய குழந்தைக்குப் புளியங்கொட்டையை உரசி ஒட்டிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

இந்தியச் செந்தேளின் நஞ்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் நம் நாட்டு மருத்துவத்தின் அருமையான வரலாறு ஒன்று இருக்கிறது. நரம்புகளில் மின்னலை ஓடுவதற்காகத் திறந்து மூடும் சோடியம் வாயில்கள் உண்டு. செந்தேள் நஞ்சு அவற்றை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு முனைகள் ஓயாமல் துடித்து, அட்ரினலின் வகை வேதிகளை இரத்தத்தில் கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இறுகிய குழாய்களை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் சோர்கிறது. முடிவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. தேள் கொட்டிச் சாகிறவர், குறிப்பாகக் குழந்தை, பெரும்பாலும் சாவது இப்படித்தான்.

மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் மகாடுக்கு அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976-இல் வேலைக்குச் சேர்ந்த இளம் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டிய குழந்தைகள் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்தார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது. நோயாளியின் பக்கத்திலேயே இரவெல்லாம் உட்கார்ந்து வியர்வை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அந்தக் கவனிப்பு 1982-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. குழாய்கள் இறுகுவதுதான் சிக்கல் என்றால் அவற்றைத் தளர்த்தும் மருந்துதானே வேண்டும்? இரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டு வந்த பிரசோசின் என்ற விலை மலிந்த மாத்திரையை அவர் எடுத்தார். 1986-இல் அதன் பலனை அதே இதழில் எழுதினார். நஞ்சு ஏறி இதயம் பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு ஓரிரண்டாகக் குறைந்தது. 2011-இல் அவரும் மருத்துவரான அவர் மனைவி பிரமோதினியும் 70 நோயாளிகளிடம் செய்த ஆய்வு பி.எம்.ஜே. இதழில் வந்தது. தேள் நஞ்சு முறிமருந்தையும் பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் சராசரியாக 8 மணி நேரத்தில் தேறினார்கள். பிரசோசின் மட்டும் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. 2022-இல் பாவஸ்கருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கிராமத்து மருத்துவமனையிலிருந்து வந்து உலகமே ஏற்றுக்கொண்ட சிகிச்சை இது. நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு பக்கமாவது இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆழமான வருத்தம் உண்டு. (அதே செந்தேளின் நஞ்சிலிருந்து 1990-இல் பிரித்தெடுத்த ஐபீரியோடாக்சின் என்ற புரதம், உயிரணுக்களின் பொட்டாசிய வாயில்களை ஆராய உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.)

சரி, வாசலுக்கு வருவோம். எத்தனை தேள் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கட்டுப்பாடு பேசிப் பயனில்லை. தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கள்ள நோட்டுப் பார்க்க விற்கும் புற ஊதா டார்ச்சை வாங்கிக்கொண்டு, நிலவில்லாத இரவில் எட்டு மணிக்கு மேல் மதில் ஓரமாக மெல்ல நடந்து பாருங்கள். காலில் மூடிய காலணி கட்டாயம். வெறும் கண்ணுக்குக் கல்லோடு கல்லாகத் தெரிந்த இடத்தில் நீலப்பச்சையாக ஓர் உருவம் ஒளிரும். தேளின் மேல்தோலில் உள்ள பீட்டா கார்போலின் முதலான சேர்மங்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. அப்போதுதான் தோல் உரித்த தேள் ஒளிராது. தோல் இறுக இறுகத்தான் ஒளி கூடும். கற்கள் நடுவே கிடக்கும் உரித்த சட்டையும் ஒளிரும் என்பதால், அசைகிறதா என்று பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

கொஞ்சம் நின்று பார்த்தால் அது வேட்டையாடும் விதமும் விளங்கும். ஓடித் துரத்தாது. கிடுக்கிகளை விரித்து, அசையாமல் நிற்கும். வயிற்றுப் பக்கம் சீப்புப் பல் போல இரு உறுப்புகள் தொங்கும். நடக்கும்போது அவற்றால் தரையைத் தடவி மணமறிகிறது. கால்களிலுள்ள நுண்பிளவுகள் மண்ணின் அதிர்வை வாங்குகின்றன. ஒரு சில்வண்டு பக்கத்தில் குதித்தால், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று காலுக்குத் தெரிந்துவிடும். இப்படி இரண்டு மூன்று இரவு பார்த்தவர்களுக்குத் தேள் வீட்டு வாசலுக்கு வருவதன் காரணம் புரிந்துவிடும். அங்கே சில்வண்டும் கரப்பானும் சிலந்தியும் இருக்கின்றன. வாசல் விளக்கு அந்துப்பூச்சியை இழுக்கிறது. அந்த இரையெல்லாம் பகலில் ஒதுங்கும் இடம் எது? சுவரை ஒட்டிய களைப்புதர்.

களைகளில் இந்த மலையின் பெரிய சிக்கல் உண்ணிச்செடி. மத்திய, தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கொத்து, கறுத்துப் பழுத்த சிறு கனி. கனியைக் கொண்டைக்குருவி தின்றுவிட்டுக் கம்பியிலும் கிளையிலும் உட்கார்ந்து எச்சமிடும். அதனடியில் எல்லாம் புதிய செடி. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியக் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரில், அதாவது 44 விழுக்காட்டில், உண்ணிச்செடி பரவியிருக்கிறது என்று மதிப்பிட்டது. சேர்வராயன் மலையிலும் சாலையோரம், கைவிட்ட தோட்டம், எஸ்டேட் வேலி என்று எங்கும் இருக்கிறது. ஆடு மாடு பொதுவாகத் தொடாது, தின்றால் கல்லீரல் கெடும். அதனாலேயே வேலிக்கு நல்லது என்று விட்டுவைத்தார்கள். விட்டுவைத்த வேலி வீட்டுப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது.

தேள் உண்ணிச்செடியைத் தேடி வருவதில்லை. ஆனால் அந்தப் புதரின் அடியில் குனிந்து பார்த்தால், வெயில் நுழையாத இருட்டு, உலர்ந்த சுள்ளி, அழுகாத சருகு, மண் சரிந்து வெளியே தெரியும் கல் எல்லாம் ஓரிடத்தில் கிடக்கும். சுட்டெரிக்கும் மே மாதத்தில்கூட அங்கே ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். பகல் வெப்பத்திலிருந்து தப்பிக்க இடம் வேண்டிய எந்தச் சிற்றுயிருக்கும் இது போதும். புதர் சுவரைத் தொட்டால் அது சன்னலுக்கு வைத்த ஏணியும் ஆகிவிடும்.

அதை வெட்டினால் தீராதா? தீராது. அரிவாளால் தரைக்கு மேலே வெட்டினால், ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து தண்டு கிளம்பும். தீ வைத்தாலும் அப்படியே. வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர்க்கும் மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. மேலே சேதம் வந்தால் அவை விழித்துக்கொள்ளும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் சி.ஆர். பாபு இந்த இடத்தைத்தான் குறிவைத்தார். அவரும் கூட்டாளிகளும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை மிக எளிது. இருவர் போதும். ஒருவர் கிளைகளைச் சேர்த்துக் கோலால் ஒருபக்கம் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் தூரைச் சுற்றிய மண்ணை விலக்கி, தரைமட்டத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரைக் கடப்பாரை போன்ற கருவியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். கழுத்துப் பகுதி முழுசாகச் செடியோடு வந்துவிடும். பிறகு செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர்ப்பக்கம் வானத்தைப் பார்க்க வைக்க வேண்டும். மண் தொடாத மொட்டு காய்ந்து சாகும். மண்ணுக்குள் விட்ட வேரில் துளிர்க்க மொட்டே இல்லை, அது மட்கிப் போகும். குழி பறிக்க வேண்டாம், மண்ணைக் கிளற வேண்டாம், மருந்து வேண்டாம். சரிவில் மண்ணைக் கிளறாமல் முடிவதுதான் நம் மலைக்கு இதன் பெரிய நன்மை.

வீட்டுக்குப் பக்கத்தில் செய்யும்போது ஒரு திருத்தம் தேவை. கவிழ்த்த புதரை அங்கேயே காயவிட்டால் தேளுக்கு வேறொரு குடில் கட்டித் தந்தது போலாகும். காட்டில் அது பரவாயில்லை. வீட்டில் அன்றைக்கே இழுத்து அப்புறப்படுத்த வேண்டும். புதரடியில் கையை விடாமல் முதலில் நீண்ட கோலால் சருகைக் கிளறிவிட்டு, தடித்த கையுறையோடு வேலை செய்யுங்கள். களை பிடுங்குவது, கல் புரட்டுவது, விறகு எடுப்பது போன்ற வேலைகளில்தான் கையில் கொட்டு விழுகிறது.

செடியை உயிருள்ள எதிரியைக் கொண்டே அடக்கிய வெற்றி ஒன்றும் தமிழ்நாட்டுக்கு உண்டு. இன்று நாம் மறந்துவிட்டோம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துப் பாலைவனச் செடி. அதில் வாழும் கொச்சினியல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பிரேசிலிலிருந்து பூச்சியை வரவழைத்தார்கள். வந்தது சாயத்துக்கு உதவாத வேறு இனம். ஆனால் அது ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சி அழிக்கக் கண்டு, 1836-38 வாக்கில் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பினார்கள். அந்தக் கள்ளி பெருமளவு மறைந்தது. 1865 வாக்கில் அதே பூச்சியை இலங்கைக்கு எடுத்துப் போனார்கள். களையை ஒழிக்க ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுபோனதில் உலகிலேயே முதல் நிகழ்ச்சி அதுதான் என்று களை அறிவியலார் எழுதுகிறார்கள். மிஞ்சிய மற்றொரு கள்ளியினம் தமிழகத்தின் வறண்ட காடுகளையும் ஊர்ப் புறம்போக்கையும் அடைத்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினியல் இனம் வந்தது. சில ஆண்டுகளில் ஊர் ஊராகக் கள்ளிக்காடு சரிந்தது. பாம்புக்கும் தேளுக்கும் அரணாக இருந்த அந்த முள்மதில்கள் இல்லாமல் போனதை, இன்று சேலம் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் யாரும் உணர்வதில்லை.

அந்த வெற்றியைப் பார்த்து உண்ணிச்செடிக்கும் பூச்சி தேடினார்கள். 1941-இல் ஒரு வலைச்சிறகுப் பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது இலையைச் சுரண்டி வெளுக்கச் செய்கிறது, அவ்வளவுதான். புதர் மறுபடி துளிர்க்கிறது. தோட்டக்காரர்கள் அழகுக்காகக் கலந்து கலந்து உருவாக்கிய செடி இது, ஒரே இனமாக நடந்துகொள்வதில்லை. ஒரு வகையைத் தின்னும் பூச்சிக்கு இன்னொரு வகை பிடிப்பதில்லை. இன்னொரு களையான பார்த்தீனியம் 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டது; அதற்கு மெக்சிகோ வண்டு ஒன்றை 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையை மொட்டையடிக்கும். மழை இல்லாத மாதங்களில் மண்ணுக்குள் உறங்கப் போய்விடும்; பார்த்தீனியமோ ஈரம் கிடைத்த இடத்தில் எந்த மாதமும் முளைக்கும். ஆகவே வீட்டுக்காரருக்கு வண்டு துணை மட்டுமே. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, ஈர மண்ணில், கையுறையோடு வேரோடு பிடுங்குவதுதான் வழி. வெறுங்கையால் தொட்டுத் தொட்டுத் தோல் அரிப்பு நோயை வாங்கிக்கொண்டவர்கள் ஏராளம்.

களையெல்லாம் போன பிறகு நிலத்தை எப்படி வைப்பது? அரிசோனாப் பாலைவனத்து வீடுகளில் முற்றம் முழுவதும் பொடிக்கல் பரப்பி ஒரு புல்லும் இல்லாமல் வைப்பார்கள். அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் சமதளத்தில் வீடு இருந்தால் அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில், நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ சரிவில் இருக்கும் வீட்டைச் சுற்றி அப்படி மொட்டையடித்தால், ஐப்பசி மழையில் மேல்மண் கீழ் வீட்டுக்காரர் வாசலில் கிடக்கும். சரிவு நிலத்தில் நான் சொல்வது வளையம் வளையமான ஏற்பாடு. சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடிக்கு மட்டும் வெறும் தரை. சிமெண்ட் தளமோ, கெட்டித்த மண்ணோ, தினமும் பெருக்குகிற இடமாக இருக்கட்டும். நம் பாட்டிமார் வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்து வைத்தது இதே வேலையைத்தான் செய்தது. மறைவில்லாத வெளியைக் கடக்கச் சிற்றுயிர் தயங்கும், கடந்தாலும் நம் கண்ணில் படும். அதற்கப்பால் பத்துப் பதினைந்தடிக்குக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டிய புல். மண்ணைப் பிடித்துக்கொள்ள அதன் வேர் போதும், ஒளிய அதன் உயரம் போதாது. வெட்டிவேர் போன்ற தூர்விடும் புல்லும், காப்பிச் செடியும், சில்வர் ஓக் சருகு மூடாக்கும் அதற்கும் வெளியே. காப்பிக்குச் சருகு மூடாக்கு உயிர்நாடி, அதை அள்ளிக் கொளுத்தக் கூடாது. ஆனால் அதே சருகு சுவரை ஒட்டிக் குவியவும் கூடாது.

மலை வீடுகளுக்கே உரிய சிக்கல் கல்கட்டு. சரிவைத் தாங்கக் கல்லடுக்கிக் கட்டிய தடுப்புச் சுவரில் நூறு பொந்துகள். தேள் பயத்தில் எல்லாவற்றையும் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுகிறவர்கள் உண்டு. பின்னாலிருக்கும் மண்ணில் இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தி, ஒரு பெருமழையில் சுவரே வயிறு பிதுங்கிச் சரியும். நீர் கசியும் துளைகளை அடைக்கவே கூடாது. அவற்றில் துருப்பிடிக்காத கம்பி வலையைப் பொருத்தலாம். மற்ற இடுக்குகளுக்கு மட்டும் பூச்சு. கல்கட்டின் மேல் விறகு சாய்ப்பது, பழைய ஓடு அடுக்குவது, உடைந்த ஹாலோ பிளாக்கைப் போட்டுவைப்பது வேண்டாம். விறகைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திய கம்பித் தாங்கியில், வீட்டுச் சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். கதவடியில் ரப்பர் பட்டை, சாக்கடை வாயில் நுண்வலை, சுவரைத் துளைத்து வரும் குழாயைச் சுற்றிப் பூச்சு. வழவழப்பான ஓட்டில் தேளின் கால் நகம் பற்றாது. அடிச்சுவரில் வெளிப்புறம் ஓரடி உயரத்துக்கு மெருகு ஓடு பதித்தால் ஏறி வருவது மிகவும் குறையும், புதர் ஏணி இல்லாத வரை. வாசல் விளக்கை மஞ்சளாக மாற்றினாலே அதைச் சுற்றும் பூச்சி குறையும்.

கோழி வளர்க்கிற வீட்டில் தேள் குறைவு என்று மலைக் கிராமங்களில் சொல்வதில் உண்மை உண்டு. கோழி பகலில் சருகைக் கிளறும்போது அகப்பட்ட தேளைக் கொத்தித் தின்னும், அதைவிட முக்கியமாகத் தேளின் இரையைத் தின்னும். இரவு வேலையைப் புள்ளி ஆந்தையும் பல்லியும் தேரையும் பார்த்துக்கொள்கின்றன. பூச்சிமருந்து அடிக்கும் வீட்டில் முதலில் குறைவது இவர்கள்தான்.

இத்தனைக்குப் பிறகும் கொட்டக்கூடும். கொட்டினால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மந்திரித்தும் பச்சிலை வைத்தும் சரியானது என்று சொல்லும் எத்தனையோ பேர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் கொட்டியது பெரும்பாலும் நஞ்சு குறைந்த தேள், அந்த வலி எப்படியும் சில மணி நேரத்தில் தணிந்திருக்கும். செந்தேள் கொட்டு வேறு மாதிரி. வலி அவ்வளவாக இல்லாமலேயே குழந்தைக்கு வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது, ஆண் குழந்தைக்கு ஆணுறுப்பு விறைப்பது ஆகியவை நஞ்சு உடலெங்கும் ஏறியதன் அடையாளங்கள். ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். குழந்தையைக் கொட்டியிருந்தால் அடையாளம் தெரியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வளைவுச் சாலையில் கீழே இறங்கவே நேரமாகும் என்பதால் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போய், தேவைப்பட்டால் அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போவதே நல்லது. வலிக்குப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். பிரசோசினை வீட்டில் வாங்கி வைத்து நீங்களே கொடுக்கக் கூடாது. எடைக்குத் தக்க அளவில், படுக்கவைத்து, இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து அது.

வேலைக்கு ஏற்ற பருவம் கோடை மழைக்கு முந்திய மாதங்கள். மாசி, பங்குனியில் காப்பி அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும் நேரத்தில் உண்ணிச்செடித் தூரை வெட்டிக் கவிழ்த்து, விறகை இடம் மாற்றி, இடுக்குகளைப் பூசிவிட்டால், செந்தேள் அதிகம் நடமாடும் வெயில் மாதங்களுக்கு வீடு தயாராகிவிடும். பிறகு மழை இறங்கியதும் ஒரு சுற்று. உண்ணிச்செடி விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், குருவிகளும் புதிதாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். மின்கம்பிக்கு அடியிலும் வேலிக் கம்பத்தின் காலடியிலும் பலா மரத்தடியிலும் முதலில் பாருங்கள். நாலு இலை விட்ட கன்று, ஈர மண்ணில் இரு விரலால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். நசுக்கினால் வரும் காரமான நெடியை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.